ஆறு மணி நேரக் கைத்தடி

மதுரை மாட்டுத்தாவணியில் அருப்புக்கோட்டைப் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தபோது காலை ஆறரை. பங்குனி பிறந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. ஆனாலும் காரியாபட்டி வருவதற்குள் வெயில் கன்னத்தில் உறைக்கத் தொடங்கிவிட்டது. தூத்துக்குடிக்குப் போகும் நான்குவழிச் சாலை இது. ஊர்களைத் தொடாமலே ஓடிவிடும். இந்தப் பக்கத்து மண்ணைப் பார்க்க வேண்டுமானால் தலையை முழுக்கத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும்.

மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டே வந்தது. கரிசல். ஈரமாக இருந்தால் காலைப் பிடித்து இழுக்கும், காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை கண்மாயை நிரப்பினால் ஒரு போகம் நெல்லுக்கு வழியுண்டு. நிரப்பாவிட்டால் கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி, மல்லி என்று மானாவாரியில் கிடைத்ததுதான். நான் போன நாளில் மல்லிச் செடியைப் பிடுங்கிக் களத்தில் காயப் போட்டிருந்தார்கள். பேருந்து வேகம் குறைத்த இடங்களிலெல்லாம் அந்த வாசனை உள்ளே வந்து போனது. மற்றபடி கண்ணுக்கு எட்டியமட்டும் சீமைக் கருவேலம். எங்கோ ஒரு கரிமூட்டத்தின் புகை, காற்றே இல்லாததால், நட்டுவைத்த கம்பு போல நின்றது.

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு படம். எங்கள் வீட்டுக் கூடத்தில் திருவண்ணாமலை ரமணர் படம் ஒன்று உண்டு. பாட்டி மாட்டியது. கோவணமும் நரைத்த தாடியுமாகச் சாய்ந்து உட்கார்ந்து, பார்ப்பவரையே பார்க்கும் படம். அதைப் பார்த்து வளர்ந்ததால், அவர் சும்மா உட்கார்ந்திருந்த பெரியவர் என்றே நாற்பது வயதுவரை எனக்கு நினைப்பு. பிறகு, கூட இருந்தவர்கள் எழுதிவைத்த குறிப்புகளைப் படிக்கப் படிக்க வேறொருவர் தெரியவந்தார். விடியுமுன் அடுக்களையில் உட்கார்ந்து காய் நறுக்குகிறவர். ஆலிலைகளைக் கோத்துச் சாப்பாட்டு இலை தைக்கிறவர். தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் வழவழப்பாக்கிக் கிண்ணம் செய்கிறவர். கிழிந்த புத்தகத்தைத் தைத்து அட்டை போடுகிறவர். அச்சுப் பிழை திருத்துகிறவர். தரையில் சிந்திய கடுகை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கிறவர். படத்தில் மடியில் அடங்கிக் கிடக்கும் அந்தக் கைகள் வாழ்நாள் முழுக்க ஓயாமல் வேலை செய்த கைகள் என்று தெரிந்ததும், அவை பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. அந்த ஊர் திருச்சுழி. காரியாபட்டியில் இறங்கி நேரே போகவும் வழியுண்டு. நான் அருப்புக்கோட்டை வழியாகச் சுற்றிப் போனேன். கைவேலையால் பிழைக்கும் ஊர் ஒன்று பக்கத்தில் இருக்கும்போது அதைப் பார்க்காமல் போவது சரியாகப் படவில்லை.

அரும்புக்கோட்டைதான் அருப்புக்கோட்டை ஆயிற்று, மல்லிகை அரும்புக்குப் பேர்போன ஊர் என்று பேருந்து நிலையத்தில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவர் சொன்னார். வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊரின் பெயர் 1977ஆம் ஆண்டுத் தேர்தலால் நினைவிருக்கும், எம்.ஜி.ஆர். இங்கே நின்று வென்றுதான் முதலமைச்சர் ஆனார். ஆனால் ஊருக்குள் நடந்தால் காதுக்கு முதலில் எட்டுவது தறிச் சத்தம். பெரும்பாலும் விசைத்தறி. தகரக் கூரை அதிர, மூச்சுவிடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். சில தெருக்களில் மட்டும் சத்தத்துக்கு நடுவே இடைவெளி கேட்கிறது. ஒரு அடி, ஒரு மிதி, ஒரு அடி. அது கைத்தறி. சாலியரும் தேவாங்கரும் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து நெய்த தெருக்கள் இவை.

அப்படி ஒரு தெருவில், கதவு திறந்திருந்த வீட்டில், எழுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் தறியின் பின்பக்கம் உட்கார்ந்து பாவு புணைத்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்று பார்க்கலாமா என்று கேட்டேன். "உள்ள வா தாயி, வெளிச்சத்தை மறைக்காம உக்காரு" என்றார். தரையில் உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

நெய்து முடிந்த பாவின், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலின், கடைசி இழைகளை வெட்டி எறிந்துவிட மாட்டார்கள். அவை அச்சுப் பல்லுக்குள்ளும் விழுதுக் கண்ணுக்குள்ளும் கோத்தபடியே நிற்கும். புதுப் பாவு வந்ததும் அதன் ஒவ்வொரு இழையையும் பழைய இழை ஒவ்வொன்றோடும் சேர்த்துப் புணைக்க வேண்டும். முடிச்சுப் போட்டால் பல்லில் மாட்டும். அதனால் முடிச்சு கிடையாது, முறுக்குத்தான். அந்த அம்மா இடது கையில் பழைய இழையையும் புது இழையையும் ஒன்றாகப் பிடித்து, பக்கத்துச் சிரட்டையிலிருந்து சாம்பலைக் கட்டைவிரலில் தொட்டு, ஒரு உருட்டு உருட்டி, நுனியைப் பின்னால் மடக்கி இன்னொரு உருட்டு உருட்டினார். இரண்டு இழை ஒன்றாகிவிட்டது. கண்ணிமைக்கும் நேரம். அடுத்தது. அதற்கு அடுத்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சந்திக்கும் இடத்தில் தோல் தேய்ந்து பளபளத்தது, நாள்பட்ட அம்மிக்குழவிபோல.

"எத்தனை இழைம்மா இருக்கும்?"

"எண்ணியா புணைக்கிறோம்? மூவாயிரத்துச் சொச்சம் வரும். எண்ண ஆரம்பிச்சா கை நின்னுரும்."

கொஞ்ச நேரம் கழித்து அவர் கை தானாகவே நின்றது. விரல் பின்னோக்கி நகர்ந்து, ஒன்றுபோலவே இருந்த நூறு இழைகளுக்கு நடுவே ஒன்றைத் தொட்டது. இன்னும் பத்துப் பதினைந்து இழை தள்ளி மற்றொன்றைத் தொட்டது. இரண்டையும் பிரித்து, மறுபடி சாம்பல் தொட்டு, மாற்றிப் புணைத்தார். என் கண்ணுக்கு முன்னும் பின்னும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கேட்டதற்கு, "மாறி விழுந்திருச்சு" என்று மட்டும் சொன்னார். பேச்சு அதோடு சரி. வானொலி கிடையாது, தொலைக்காட்சி அணைந்திருந்தது. விரல் உருளும்போது எழும் மெல்லிய சரசரப்பு மட்டும்தான் அந்த வீட்டில் சத்தம்.

இதை எழுதும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்த அம்மாவின் வறுமையை நான் மெச்சவில்லை. ஒரு பாவு புணைக்கக் கிடைக்கும் கூலியைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. கைத்தறிக்கென்று சில துணி வகைகளை ஒதுக்கி 1985இல் சட்டம் வந்தது. முதலில் 22 வகை, பின்னர் 11 ஆகக் குறைந்தது. அந்தப் பதினொன்றையும் விசைத்தறி சத்தமில்லாமல் நெய்து தள்ளுகிறது என்பதை எந்த நெசவாளரும் சொல்வார். பணத்தைத் துறப்பது வேறு, பணம் கிடைக்காமல் போவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது உழைப்பவருக்குச் செய்யும் அநியாயம். ஆனால் கூலி குறைந்ததற்காக அந்த விரல்கள் குறைவாக வேலை செய்யவில்லை என்பதையும் நான் கண்ணால் பார்த்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் அதுவும் அநியாயம்தான்.

திருச்சுழிக்கு நகரப் பேருந்து. கூட்டம் இல்லை. பையில் வைத்திருந்த புத்தகத்தை எடுத்தேன், சுவாங் ட்சு. கிறிஸ்து பிறப்பதற்கு மூன்று, நான்கு நூற்றாண்டுக்கு முன் வாழ்ந்த சீன ஞானி. தாவோ வழிக்கு லாவோ ட்சுவை அடுத்து அவர் பெயரைத்தான் சொல்வார்கள். லாவோ ட்சுவின் தாவோ தே ஜிங்கைக் கவிஞர் சி. மணி நல்ல தமிழில் தந்திருக்கிறார். சுவாங் ட்சு முழுதாக அப்படி அமையவில்லையே என்ற ஏக்கம் எனக்கு உண்டு. ஏனென்றால் அவர் கதைகளில் வருகிறவர்கள் நமக்குத் தெரிந்தவர்கள். மாடு அறுக்கும் சமையல்காரர், வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர், சில்வண்டு பிடிக்கும் கூனல் கிழவர்.

அதில் ச்சிங் என்ற மரவேலைக்காரர் கதை ஒன்று. மணிகளைத் தொங்கவிடும் மரச்சட்டம் ஒன்று செதுக்கினார். பார்த்தவர்களெல்லாம் மனிதர் செய்ததா, தெய்வம் செய்ததா என்று திகைத்தார்கள். நாட்டை ஆண்டவர் கூப்பிட்டு, என்ன வித்தை இது என்று கேட்டார். வித்தை ஒன்றும் இல்லை என்றார் ச்சிங். வேலையில் இறங்குமுன் நோன்பு இருப்பேன். மூன்றாம் நாள் பரிசும் சம்பளமும் நினைப்பில் இருக்காது. ஐந்தாம் நாள் புகழும் ஏச்சும் போய்விடும். ஏழாம் நாள் எனக்குக் கை கால் இருப்பதே மறந்துபோகும். அதற்குப் பிறகுதான் காட்டுக்குள் போவேன். எந்த மரத்துக்குள் அந்தச் சட்டம் ஏற்கெனவே நிற்கிறதோ அந்த மரம் தென்படும். தென்பட்டால் கை வைப்பேன், இல்லாவிட்டால் திரும்பிவிடுவேன். கதையின் சாரம் இவ்வளவுதான்.

சீனத்துப் படிப்பாளிகளும் கலையை இப்படித்தான் பார்த்தார்கள். நான்கு கலைகளைப் பழகினார்கள்: நரம்புக் கருவி வாசிப்பது, காய் வைத்து ஆடும் பலகை ஆட்டம், தூரிகையால் எழுதுவது, ஓவியம். இவற்றை விற்றுப் பிழைப்பதைத் தாழ்வாக நினைத்தார்கள். தன்னைத் திருத்திக்கொள்ளத்தான் கலை என்பது அவர்கள் எண்ணம். நம் மொழியில் இதற்கு வார்த்தை தேட வேண்டியதே இல்லை. நிலத்தையும் பண்படுத்துகிறோம், மனத்தையும் பண்படுத்துகிறோம். ஜன்னலுக்கு வெளியே அறுவடை முடிந்து கோடை உழவுக்குக் காத்துக் கிடந்த கரிசலைப் பார்த்தபோது, ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தவர் கட்டாயம் ஒரு சம்சாரியாகத்தான் இருந்திருப்பார் என்று தோன்றியது.

திருச்சுழி சின்ன ஊர். 1985இல் மாவட்டம் பிரியும்வரை ராமநாதபுரத்தோடு இருந்தது, இப்போது விருதுநகர் மாவட்டம். ஊருக்கு நடுநாயகம் பூமிநாதர் கோயில். திருமேனிநாதர் என்றும் பெயர். பிரளயத்தில் பூமி மூழ்க இருந்தபோது சிவன் சூலத்தால் துளையிட்டு வெள்ளத்தைச் சுழித்து இறங்கச் செய்தார் என்பது தலபுராணம். பாண்டி நாட்டுப் பாடல் பெற்ற தலம் பதினான்கில் ஒன்று. சுந்தரர் பாடியிருக்கிறார். தண்ணீருக்குத் தவம் கிடக்கும் சீமையின் கோயில் வெள்ளத்தை வடிய வைத்த கதையைச் சொல்கிறது. இந்த மண்ணில் மழை வந்தால் ஒரேயடியாக வந்து உடைத்துக்கொண்டு போவதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

கோயில் முன் உள்ள தெப்பக்குளத்தின் படிகளில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். மாசிப் பௌர்ணமிக்கு முந்தைய பத்து நாளும் இந்தக் குளத்து நீர் நாளுக்கு நாள் மேலே ஏறும், பிறகு பத்து நாளில் இறங்கும் என்று ரமணரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சிறுவர்கள் கூடிப் படிகளில் கோடு போட்டு, இன்று எவ்வளவு ஏறியது என்று பார்ப்பார்களாம். தண்ணீரில் கந்தகம் கலந்திருப்பதால் வெள்ளி நகை கறுத்துப்போகும் என்பதும் அவர் நினைவு. நான் போனபோது மாசி முடிந்திருந்தது. கோடு போடவும் சிறுவர்கள் இல்லை. ஆனாலும் ஒன்றைப் பொறுமையாகப் பார்த்துக் குறித்துவைக்கும் பழக்கம் அந்தப் பையனுக்கு இந்தப் படியில்தான் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் பிறந்த வீடு கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. ரமணாசிரமம் அதை வாங்கிச் சுந்தர மந்திரம் என்று பெயரிட்டுப் பராமரிக்கிறது. 1879 டிசம்பர் 30, ஆருத்ரா தரிசனம் முடியும் நள்ளிரவில் வெங்கடராமன் என்ற இயற்பெயர் கொண்ட ரமணர் பிறந்தது இங்கேதான். அப்பா சுந்தரமய்யர் பன்னிரண்டு வயதில் மாதம் இரண்டு ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்கெழுதப் போனவர். பிறகு மனு எழுதி, அதன் பிறகு வக்கீல் பட்டம் இல்லாமலே வழக்காட அனுமதி பெற்று உயர்ந்தவர். ஊருக்கு வரும் அதிகாரி முதல் வழிப்போக்கர் வரை இந்த வீட்டில் சாப்பாடு உண்டு. 1892இல் அவர் இறந்ததும் குடும்பம் சிதறியது, பையன் மதுரைக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போனான்.

1896 ஆகஸ்ட் 29 அன்று அங்கிருந்து கிளம்பியபோது, அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தக் கடிதத்தில் என்னை நிறுத்தும் இடம் ஒன்று உண்டு. ‘நான்’ என்று தொடங்குகிறது. அடுத்த வரியிலேயே ‘நான்’ போய் ‘இது’ வந்துவிடுகிறது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வெறும் கோடு. பதினாறு வயதுப் பையன் அவசரத்தில் கிறுக்கிய நாலு வரிதான். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தவர், மிச்சமிருந்த காசை அய்யங்குளத்தில் வீசினார். அதற்குப் பிறகு 1950 ஏப்ரல் 14 அன்று மறையும்வரை, ஐம்பத்து மூன்றரை ஆண்டுகள், அந்த மலையைவிட்டு வேறெங்கும் போகவில்லை.

சுந்தர மந்திரத்தில் அப்போது நான் மட்டும்தான். பராமரிக்கும் பெரியவர் விளக்கில் எண்ணெய் ஊற்றிவிட்டு, "உக்காருங்கம்மா, அவசரமில்ல" என்று சொல்லிப் போய்விட்டார். கருங்கல் தரையின் குளிர்ச்சி. தெருவில் ஒரு சைக்கிள் மணி. இந்தக் கட்டுரைக்கு நான் வைத்த பெயருக்கான சம்பவம் அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் முழுசாக மனதில் ஓடியது.

வேலூர் வூரீஸ் கல்லூரியில் தெலுங்குப் பண்டிதராக இருந்த ரங்காச்சாரி என்பவர் ரமணரிடம், பலனை எதிர்பாராமல் செய்யும் கர்மம் என்றால் என்ன என்று கேட்டார். பதில் வரவில்லை. சற்றுப் பொறுத்து ரமணர் எழுந்து மலைமேல் நடக்க ஆரம்பித்தார். பண்டிதரும் வேறு சிலரும் பின்னால் போனார்கள். வழியில் கிடந்த முள் கம்பு ஒன்றை எடுத்து ஒரு பாறையில் உட்கார்ந்தார். முள்ளைச் சீவினார். கணுக்களைத் தேய்த்து மட்டப்படுத்தினார். பிறகு சொரசொரப்பான இலை ஒன்றால் கம்பு முழுவதையும் மெருகேற்றினார். இப்படி ஆறு மணி நேரம். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, ஒரு முள் கம்பு இப்படிக் கைத்தடி ஆகுமா என்று வியப்பு. எல்லோரும் நடக்கத் தொடங்கிய நேரம், ஆடு மேய்க்கும் பையன் ஒருவன் கம்பைத் தொலைத்துவிட்டுத் தவித்துக்கொண்டு எதிரில் வந்தான். ரமணர் கையிலிருந்ததை அவனிடம் கொடுத்துவிட்டு மேலே நடந்தார். தன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று பண்டிதர் சொன்னார்.

இதைக் கொடையின் கதையாகத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள். கொடுத்தது ஒரு நொடி. எனக்கு அந்த ஆறு மணி நேரம்தான் பெரிதாகத் தெரிகிறது. கொடுக்கப்போகிறோம் என்று தெரியாமலே, யாருக்கு என்றும் தெரியாமலே, ஒரு முள் கம்பின் கடைசிக் கணுவரை விடாமல் தேய்த்த பொறுமை. அரைகுறையாகச் செய்திருந்தாலும் பையனுக்குப் போதுமே, ஆடு ஓட்டத்தானே? ச்சிங் ஏழு நாள் நோன்பு இருந்து கழற்றிப்போட்ட பரிசையும் புகழையும் இவர் எப்போது கழற்றினார் என்று யாரும் குறித்துவைக்கவில்லை. மதுரையில் கையெழுத்துக்குப் பதில் கோடு போட்ட அன்றே கழன்றிருக்கலாம்.

புகழ் பின்னால் தேடி வரத்தான் செய்தது. 1934இல் பால் பிரண்டன் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். 1938இல் சாமர்செட் மாம் வந்து போனார், பிறகு அந்த அனுபவத்தைத் தம் நாவலில் வைத்தார். வாசலில் கார்கள் நின்றன. உள்ளே பந்தியில் எல்லோருக்கும் பரிமாறியதுதான் ரமணருக்கும். தனக்கு மட்டும் ஒரு கரண்டி கூட விழுந்தால் கடிந்துகொள்வார். இது வெளியிலிருந்து பார்க்க எளிமை. எனக்கென்னவோ அது சிரட்டையைத் தேய்ப்பது போன்ற வேலையாகத்தான் படுகிறது. தினமும் கொஞ்சம் சொரசொரப்பு எழும், தினமும் தேய்க்க வேண்டும்.

இந்தச் சீமையிலிருந்து அவரைத் தேடிப் போன ஒருவரையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. ராமநாதபுரத்தில் பிறந்த தமிழாசிரியர் முருகனார். 1923இல் முதலில் போனார், சில ஆண்டுகளில் வேலையை விட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். ஆயிரக்கணக்கில் வெண்பாவும் விருத்தமும் எழுதினார். அவர் கேட்டதால்தான் ரமணர் உபதேச உந்தியார் பாடினார். இவ்வளவு தமிழ் எழுதியவரின் பெயர் நம் இலக்கிய வரலாறுகளில் அநேகமாக இல்லை. அவரும் அதைத் தேடவில்லை. ஆனால் தேடாதவரைத் தேடிப் படிப்பது படிக்கிறவர்கள் கடமை என்று எனக்கு அழுத்தமான எண்ணம் உண்டு.

நாலு மணிக்குமேல் வெயில் தாழ்ந்ததும் குண்டாற்றுக்குப் போனேன். ஊரை ஒட்டி ஓடும் ஆறு. ஓடும் என்று பேச்சுக்குச் சொல்வதுதான். கரைமுழுக்கக் கருவேலம், நடுவே சுடுமணல். ஒரு உடைமர நிழலில் உட்கார்ந்து, காலையிலிருந்து கேட்க நினைத்திருந்த இசையைக் கைப்பேசியில் போட்டேன். சீனத்து ஏழு நரம்புக் கருவியான கூச்சின். பழைய காலத்தில் பட்டு நூலை முறுக்கித்தான் நரம்பு செய்தார்கள். நம் செங்கோட்டி யாழுக்கும் நரம்பு ஏழு. கூச்சின் சத்தம் மிகச் சிறியது. அரங்கில் பின்வரிசைக்குக் கேட்காது. மடியிலோ மேசையிலோ வைத்துத் தனக்காகவும், கூட ஒரு நண்பர் இருந்தால் அவருக்காகவும் வாசிப்பது. போ யா என்ற வாசிப்பவரும், சோங் ட்சிசி என்ற கேட்பவரும் பற்றிய பழங்கதை சீனத்தில் குழந்தைகளுக்கும் தெரியும். நண்பர் இறந்ததும் போ யா தன் கருவியை உடைத்துவிட்டு அதற்குப் பிறகு வாசிக்கவே இல்லையாம்.

நான் கேட்டது குவான் பிங்ஹு வாசித்த ‘ஓடும் நீர்’. அந்த நண்பர்களின் கதையோடு பிணைந்த இசை. ஏழரை நிமிடத்துக்குச் சற்று மேல். 1977இல் வாயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய தங்கத் தட்டில் இந்த வாசிப்பு இருக்கிறது. ஒரே ஒருவர் கேட்டால் போதும் என்று வாசித்த இசை இப்போது கோள்களையெல்லாம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. குவான் 1967லேயே காலமாகிவிட்டார். தன் விரல்கள் எங்கே போகின்றன என்று அவருக்குத் தெரியாது.

நரம்பின் மேல் விரல் வழுக்கும் உரசல், காலையில் அந்த அம்மாவின் விரலில் கேட்ட சரசரப்பை அப்படியே நினைவூட்டியது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். திறந்தபோது ஏழெட்டு ஆடுகள் என்னைச் சுற்றி மணலில் நின்றிருந்தன. அவற்றின் பின்னால், தலையில் துண்டு கட்டிய பெரியவர் ஒருவர்.

"என்ன தாயி இது? நம்ம ஊர்ப் பாட்டு மாதிரி இல்லையே."

"சீனத்துப் பாட்டுங்கய்யா. ஆத்துல தண்ணி ஓடுற மாதிரி வாசிக்கிறாங்க."

அவர் குந்தி உட்கார்ந்து மீதியையும் கேட்டார். முடிந்ததும் கொஞ்ச நேரம் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி ஓடும்போது சரிதான்" என்றார். "ஆனா தண்ணி வரும்போது இப்பிடி இருக்காது. மொதல்ல நுரைதான் வரும். பாம்பு மாதிரி, சருகைத் தள்ளிக்கிட்டு, சத்தமே இல்லாம. ராத்திரி ஆத்துக்குள்ள படுத்துக் கெடந்தா கால் நனைஞ்ச பெறகுதான் தெரியும்."

அவர் தோளில் தொரட்டி. பத்தடிக்குமேல் நீளமான மூங்கில், நுனியில் சின்ன அரிவாள். வாங்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன், கொடுத்தார். கணுவெல்லாம் சீவி மழுங்கடித்திருந்தது. கை பிடிக்கும் இடம் எண்ணெய் குடித்து, வருடக்கணக்கான பிடியில் பழுப்பேறி மின்னியது. அரிவாளின் கழுத்தை மூங்கிலோடு சேர்த்துக் கட்டிய இடத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். கம்பிதான் கட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். இது பனை நார். ஒரு சுற்றின்மேல் இன்னொரு சுற்று ஏறாமல், விரற்கடை அகலத்துக்கு, நெய்ததுபோல வரிசையாகப் படுத்திருந்தது. நுனி எங்கே போய் மறைகிறது என்று தேடினேன், கிடைக்கவில்லை.

"யாருய்யா கட்டினது?"

"நாந்தான். ரெண்டு நாள் ஆச்சு. நாரை ஊறப்போட்டுக் கட்டணும். காஞ்சா இறுகிக்கும்."

"கம்பி போட்டா சீக்கிரம் முடிஞ்சிருக்குமே?"

"துருப்பிடிக்கும்" என்றார். எழுந்து, தொரட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். தலைக்குமேல் இருந்த உடைமரக் கிளையில் அரிவாளை மாட்டி லேசாக ஒரு உலுக்கு உலுக்கினார். நெத்துகள் சடசடவென்று மணலில் விழுந்தன. ஆடுகள் என்னை விட்டுவிட்டு அங்கே ஓடின.